தண்ணீர் வண்டி

அட்டகாமா. மணி மூன்று.
திரையில் ஒற்றை மேடு:
இடக்கோடியில் இருட்டு, பிறகு விறுவிறுவென ஏற்றம்,
ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சி,
அங்கிருந்து நம்மிடம்வரை
இறக்கம்தான்.

"அப்போது பத்துச் சூரியன் பிறந்த இடத்தில்
இப்போது ஒன்று"
என்றாள் வீட்ஸ்கே, சூப்பை ஊதிக்கொண்டே.

பொழுது சாய வரவேண்டிய அயவீரே
வழியில் ஒரு டயரை இழந்து
இருபதாயிரம் லிட்டரோடு இப்போதுதான் வந்திருந்தார்.
ரசீதை நீட்டியபடி திரையைப் பார்த்தார்.

"தொட்டி காலியா?"

இல்லை.
பெரிய பெரிய மண்டலங்களைச் சுற்றி
வாயு வேண்டிய மட்டும் கிடக்கிறது.
கொதித்துக் கிடக்கிறது.
ஆறினால்தான் விழும்,
விழுந்தால்தான் திரளும்,
திரண்டால்தான் பற்றும்.

"ஓ, ரேடியேட்டர்" என்றார்.
"கொதிக்கிறபோது மூடியைத் திறந்தால்
ஊற்றவும் முடியாது,
உள்ளே இருப்பதும் முகத்தில் அடிக்கும்."

பதினெட்டுப் பக்கக் கட்டுரையில்
அந்த வரி இல்லை.
அவள் கையெழுத்திட்டாள்,
தேதியைத் தப்பாகப் போட்டு, அடித்து, மறுபடி.

வெளியே மைனஸ் ஒன்பது.
குழாய் கக்கி முடித்ததும்
அவர் சாவியைத் திருப்பினார்.
செருமல்.
மறுபடி செருமல்.

இந்தக் குளிரில்
மூன்றாவது முறைதான்
பற்றியது.