இருபத்தாறாவது பீடி

கொற்கையில் கப்பல் எரிகிறது,
முக்கூடலில், என் முறத்தில்,
தூளுக்கு நடுவே கிடக்கும் செல்போனுக்குள்.

பாண்டியன் படையில் ஒருத்தி
இன்னும் ரெண்டாயிரம் வருசம் கழித்துப்
பிறக்கப் போகிறவள்.
பேச்சு மட்டும் அம்பாசமுத்திரத்துப் பேச்சு.

"முத்துக்குள்ள எந்திரம் இருக்கு, உடைச்சிராதிய!"
ஏழு கத்தரியும் நின்றன.
"உடைச்சிருவான் பாவி" என்றாள் ஆவுடைத்தங்கம்.

உடைத்தான்.

யாரோ தகரத்தில் மணலைக் கொட்டிய சத்தம்தான்,
தெரியும்.
ஆனாலும் கடல் உள்வாங்கியது,
நான் காலை மடக்கிக்கொண்டேன்.
விரல்கள் மட்டும்
எண்ணிக்கை இல்லாமல் சுருட்டிக்கொண்டே இருந்தன.

சாயங்காலம் கடையில்
கணக்கப்பிள்ளை ஒரு கட்டை இரண்டு தடவை எண்ணினார்.
"இருபத்தாறு இருக்கே,
இந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

ஆவுடைத்தங்கம் என்னைப் பார்த்தாள்.
வெள்ளிக்கிழமைதான் அடுத்த பாகம்,
அதுவரை எப்படிச் சொல்ல?