கேரியர் உண்டு, குரல் இல்லை

ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினான்காம் தளம்.
இரவு பதினொன்றரை.
மைக்கின் பொத்தானை அமுக்குகிறேன்.
சிவப்பு விளக்கு எரிகிறது, மீட்டரில் முள் எழுகிறது.
பேர் சொல்கிறேன், ஊர் சொல்கிறேன்,
விரலை எடுக்கிறேன்.

கடலுக்கு அப்பால் லங்காவியிலிருந்து பாக் ரொஸ்லி:
"கேரியர் அடா. சுவாரா தக் அடா."

சுவாரா.
நம்முடைய சுரத்தைத்தான் மலாய்க்காரர்கள்
எப்போதோ வாங்கி வைத்திருக்கிறார்கள்.
அது என்னிடம் இல்லையாம்.
கதவு திறந்த சத்தம் கேட்கிறது,
ஆள் உள்ளே வரவில்லை என்கிறார்.

ரேடியோ புக்கிட் மெர்த்தாஜாம் சியாவுடையது.
பாதி விலைக்குத் தந்தார், மைக் இல்லாமல்.
மைக்கை வேறு கம்பெனியில் வாங்கினேன்.
இரண்டுக்கும் எட்டு ஊசி,
திருகினால் கச்சிதமாய் உட்காருகிறது.
பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு என்று
தனபாலனோடு பதினேழு வருடம் குடித்தனம் செய்தவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டாம்.

முதல் ராத்திரி மல்ட்டிமீட்டரோடு போயிற்று.
பொத்தானை அமுக்கினால் "பீ" என்றது.
சுவிட்சில் பழுதில்லை.
உறையைச் சீவினால் உள்ளே நாலு நிறமும் ஒரு பின்னலும்.
சிவப்பில் மின்சாரம் இல்லை, கறுப்பு பூமி இல்லை.
மஞ்சள்தான் குரல் என்று கண்டுபிடித்தபோது
மணி ஒன்றேகால்.

இரண்டாம் ராத்திரி
மைக்கின் மூடியைக் கழற்றினேன்.
மிளகளவு எலெக்ட்ரெட்,
சோறு போடாமல் பேசு என்றால் எப்படிப் பேசும்?
ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் வோல்ட் ஊட்டினேன்.
"இப்போது ஒரு கொசு இருக்கிறது" என்றார் ரொஸ்லி.
"நீங்கள் இன்னும் வரவில்லை."

வந்தவர் மேடம் கூ.
நான் பொத்தானை அமுக்கும்போதெல்லாம்
அவருடைய கரோக்கே பெட்டி "டொப்" என்கிறதாம்.
"பாட்டு நடுவில் டொப், வாலி.
தாளத்துக்கு வந்தாலாவது பரவாயில்லை."
மன்னிப்புக் கேட்டேன். பவரைக் குறைத்தேன்.
வல்லி என்று திருத்தவில்லை.

பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை.
மைக்ராஸ்கோப்பின் கீழ்
யாரோ வைத்த பற்றவைப்புகளை
நல்லது, நல்லது, கெட்டது, நல்லது
என்று பிரிக்கிற வேலை.
பிளக்கை ஒருநாள் கைப்பைக்குள் கொண்டுபோய்
சாப்பாட்டு வேளையில் லென்சுக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
எட்டும் பளபளவென்று, ஒழுங்காக, வழியாமல்.
என் கையால் நானே பாஸ் போட்டிருப்பேன்.
அப்படியோர் அழகான தப்பு.

மூன்றாம் ராத்திரி
படத்தையும் பிளக்கையும் அருகருகே வைத்திருந்தேன்.
தண்ணீர் குடிக்க எழுந்தபோது முழங்கை பட்டு
பிளக் உருண்டு கவிழ்ந்தது.
அடச் சண்டாளி!
படம் முன்னால் நின்று பார்த்தது.
நான் பின்னால் நின்று பற்றவைத்திருக்கிறேன்.
எதிரே நிற்பவரின் வலக்கை எனக்கு இடக்கை அல்லவா?
ஒன்றும் ஏழும் வீடு மாறிக்
குரல் நேரே பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது,
மூன்று நாளாக.
நாலாம் ஊசி மட்டும் எந்தப் பக்கம் நின்று எண்ணினாலும் நாலு.
பொத்தானின் ஊசி அது.
அதனால்தான் கதவு ஒழுங்காகத் திறந்தது.

ஈயத்தை உறிஞ்சி எடுத்து
மாற்றி வைத்தேன். ஆள்காட்டி விரலில் ஒரு கொப்புளம்.

"அடா!" என்றார் ரொஸ்லி.
"சுவாரா அடா. ஆனால் பின்னால் ஏதோ இரைகிறது,
பூமிக் கம்பியைப் பாருங்கள்."
பின்னலைப் பார்த்தேன், அசைத்தேன், மறுபடி அளந்தேன்.
பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.
மின்விசிறி.

அணைத்தேன்.
கழுத்தில் வியர்வை இறங்கத் தொடங்கியது.
"இப்போது சுத்தம். சொல்லுங்கள், வல்லி."

பேரும் ஊரும்தான் ஒத்திகை பார்த்திருந்தேன்.
அதற்கப்பால் ஒரு வார்த்தைகூட யோசிக்கவில்லை.
அவர் காத்திருந்தார். அலைவரிசை காலியாக இருந்தது.

பொத்தானை அமுக்கினேன்.
பக்கத்து வீட்டில் டொப்.
"அங்கே மழையா, பாக்?"