எல்லை வரிசை

புல்லுமலைக் கடையில் இந்த மாரிக்கு
யூரியா கிடந்தது, டிஎஸ்பி இல்லை.
கிடைத்ததை எறிந்தேன்.
சோளன் முழங்காலுக்கு வர முன்னமே
தண்டெல்லாம் ஊதா,
இலை விளிம்பில்
நாவற்பழம் தின்ற நாக்கு.

வேலிக்கு அங்கால் கொழுந்தன் அருளப்பு.
போன வருசத்து டிஎஸ்பி மூடை அவனிடம்.
யூரியாவுக்குக் காசில்லை.
அவன் சோளனில் அடியிலை மஞ்சள்,
நுனியில் பற்றி
நடுநரம்பு வழியே இறங்குகிறது.

யானைவேலி பற்றரி யார் வாங்குவதென்று தொடங்கி
பதினாலு மாதம்
எங்களுக்குள் கதையில்லை.

நேற்றுப் புல்லுப் பிடுங்கையில்தான் கண்டேன்:
கம்பியை ஒட்டின ஒரேயொரு வரிசை
கரும்பச்சை.
என் நெஞ்சு உயரம்.
குந்தி இருந்து கிளறினேன்.
என் பக்கத்து வேர்
என்னைக் கேளாமல் அங்கால் போய்
அவன் பசளையில்
மயிர் மயிராய்ப் பிரிந்து கிடக்கிறது.
இங்கே தின்ற யூரியாதான்
அங்கே கைநீட்டப் பலம் கொடுத்ததோ,
அங்கே தொட்டதுதான்
இங்கே தின்றதைச் செமிக்கவைத்ததோ,
எது முந்தி என்று
வேரைப் பிரித்துக் கேட்க ஏலாது.

மிச்ச யூரியா அரை மூடை.
சைக்கிள் கரியரில் கட்டியாயிற்று.
படலையில் நின்று
என்ன சொல்லித் தொடங்குவது?

பற்றரி என்ற சொல் மட்டும்
வாயில் வரக்கூடாது.