ஙகரத்துக்குப் படம் இல்லை

சுவரில் ஒட்டிய அட்டையில்
எல்லாக் கட்டத்திலும் யாரோ குடியிருக்கிறார்கள்.
அணில், ஆடு, இலை, ஈ.
ஙகரத்தின் கட்டத்தில் மட்டும்
பசை காய்ந்த தடம்.
போன வருஷம் அங்கே ஒரு சங்கு ஒட்டினேன்.
"டீச்சர், அது ச" என்றாள் பூமிஜா, நாலு வயசு.
உரித்து எடுத்துவிட்டேன்.

சோமனூரை விட்டுக் கொஞ்சம் தள்ளி எங்கள் அங்கன்வாடி.
சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு தறி.
முட்டை வேகும் சத்தத்தை
வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்டதில்லை.
பிள்ளைகள் காதால் அல்ல,
என் வாயைப் பார்த்தே படிக்கிறார்கள்.
கொட்டாவி விட்டால்
பதினாறு வாய் "ஆ" என்கிறது.

எழுத்தைக் காட்ட அவசரப்படாதீர்கள்,
முதலில் ஓசையைக் கேட்கட்டும் என்றார்கள் பயிற்சியில்.
(பயிற்சி நடந்தது குளிர்சாதன அறையில்.
அங்கே பேனா மூடி விழுந்தாலும் கேட்டது.)
சரி என்று வந்து
துப்பட்டாவைக் கதவுக்குக் குறுக்கே கட்டினேன்.
மறைவில் துளசிமணியக்கா.
தம்ளரைத் தட்டுவார்,
கொட்டாங்குச்சியை உரசுவார்,
முறத்தில் பருப்பைப் புடைப்பார்.
"கண்ணை மூடிக்கோ. என்ன சத்தம் இது?"
"தறி!"
தம்ளரும் தறி. பருப்பும் தறி.
அவர்கள் சொன்னது பொய்யில்லை.

மௌலி சேர்ந்து நாலு மாதம்.
ஒரு வார்த்தை பேசியதில்லை.
பதிவேட்டில் "பேச்சு" என்ற பத்தியில்
பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன்.
நேற்று தம்ளர் விளையாட்டின் நடுவே எழுந்து நின்றான்.
மற்றவர்கள் விரலிடுக்கில் பார்த்துக்கொண்டிருக்க
அவன் ஒருத்தன்தான் நிஜமாகவே கண்ணை மூடியிருந்தான்.

"மூணாவது தறி நின்னுபோச்சுங்."

எனக்கு அதே இரைச்சல்தான்.
பன்னிரண்டில் ஒன்று குறைந்தது எப்படித் தெரியும்?
துளசிமணியக்கா சுற்றிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.
இழை அறுந்து மூணாவதுதான் நிற்கிறதாம்.
அவன் அப்பா குனிந்து முடிச்சுப் போடுகிறாராம்.

எல்லாரும் தறியைப் பற்றிப் பேச
எனக்குத் தறி மறந்துவிட்டது.
"என்ன சொன்னே? இன்னொரு தடவை?"
"நின்னுபோச்சுங்."
போச்சு இல்லை. போச்சுங்.
நாக்கின் பின்புறம் எழும்பி அண்ணத்தை அடைக்க,
க வந்து சேருமுன்னே கதவைச் சாத்திக்கொண்டு
மூக்கு வழியே போகிற அது.

பஸ்ஸில், "கருமத்தம்பட்டி ஒண்ணுங்."
சூப்பர்வைசரிடம், "சரிங்."
மாவு மில்லில், "இன்னும் ஆகலைங்?"
நாள் முழுக்க நானே சொல்லிக்கொண்டு
சொல்லின் தலைமாட்டில் தேடியிருக்கிறேன்.
அது கால்மாட்டில் படுத்துக் கிடக்கிறது.

அப்புறம் யாரும் எழுத்தைப் பார்க்கவில்லை.
மூக்கின் மேல் விரல் வைத்து "சரி" சொன்னோம்.
விரல் சும்மா இருந்தது.
"சரிங்" சொன்னோம்.
விரலுக்கடியில் ஒரு கொசுத்தேனீ.
மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிப் பார்த்து
பதினாறு பேரும் தோற்றார்கள்.
சிரிப்பில் ஒருத்தனுக்குச் சத்துமாவு புரையேறியது.
ஆடிக்கு முன்னால் ஒடிசாவிலிருந்து வந்த லிப்சா
என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.
"பாணி வேணுங்."
தண்ணீர் கொடுத்தேன்.
தமிழ்ச் சொல் அப்புறம் வரட்டும்.

கட்டம் இன்னும் காலிதான்.
திங்கட்கிழமை சூப்பர்வைசர் வருகிறார், கேட்பார்.
மௌலியின் மூக்கை வரைந்து ஒட்டிவிடலாமா என்றேன்.
துளசிமணியக்கா முட்டை உரித்தபடியே சொன்னார்:
"அது ம-வுக்குப் போயிருமுங்."