பதினாலாம் மேசை

சிறுநீரில் மருந்தாம்.
பேப்பரில் யானிக் ப்ரொஷேயின் முகம்:
"மார்த்தினி ஹோட்டலில் அன்றிரவு தின்ற
மாட்டிறைச்சிதான்."

சமையற்காரனை விசாரித்தார்கள்.
இறைச்சிக்கடைக்காரனையும்; அழுதுவிட்டானாம்.
பண்ணைவரை ஏறிப்போய்
மிச்ச மாடுகளின் மூத்திரத்தையும்
குப்பியில் பிடித்தார்கள்.

கோப்பை கழுவுகிறவனை யார் கேட்பது?

ஜன்னலோரம், பதினாலாம் மேசை.
சோற்றை வழித்துத் தின்றிருந்தான்.
இறைச்சி வெட்டுப்படாமலே திரும்பி வந்தது.
கத்தியைக் கழுவாமலே அடுக்கியிருக்கலாம்.

எப்படி மறப்பேன்?
வாளியில் கொட்ட மனம் வராமல்
பின்வாசலில், மழைக்கு ஒதுங்கி,
கையால் பிய்த்து
நான்தானே தின்றேன்.
உப்புக் கொஞ்சம் குறைவு.

வக்கீலுக்கு எழுதலாம்;
களவாய்த் தின்றவன் என்று வேலை போகும்.

அடுத்தநாள் வேலைக்குப் போகையில்
திராட்சைத்தோட்ட ஏற்றத்தில்,
வழக்கமான அதே வளைவில்,
சைக்கிளைவிட்டு இறங்கி
உருட்டிக்கொண்டுதான் போனேன்.