கீச்சு

நாற்பத்தொரு கிலோ.
தண்டர் பேயில், பே தெருவில், ஒரு நிலவறை.
சவுனா அறைக்குப் பக்கத்தில் போர்வை மூடிக் கிடந்தது.
இறந்தவரின் மகள் அறுபது டாலர் கேட்டாள்,
படியேற்ற ஆளை நீயே பார்த்துக்கொள் என்றாள்.
நானும் ஜெயரூபனும் பதினோரு படி,
படிக்கொரு சண்டை.

கராஜில் வைத்து மூடியைத் திறந்தேன்.
மின்மாற்றியில் விறகுப்புகை மணம்.
மெழுகுத்தாள் கண்டென்சர்கள் வியர்த்திருந்தன,
ஒன்று வயிறூதி, ஒன்று வாய் பிளந்து.
அடித்தட்டில் பென்சில் எழுத்து:
ஏலா கொஸ்கே.
பின்னிஷ். தேடிப் பார்த்தேன்.
தொடாதே.

பகலெல்லாம் நகரப் பேருந்துகளின் அடியில்
மல்லாந்து கிடப்பவள் நான்.
தொடாதே என்றால்
எங்கே என்றுதான் கேட்பேன்.

அறுநூறு வோல்ட்.
இடக்கை எப்போதும் ஜாக்கெட் பைக்குள்.
இரண்டு கைகளுக்கும் நடுவில்தான் இதயம்,
மின்சாரத்துக்குக் குறுக்குவழி என்றால் பிரியம்.
மரக்கோலின் நுனியில் செம்புக் கொக்கி கட்டி
முதலில் அதனால்தான் தொடுவேன்.
அணைத்து ஒரு நாளான பெட்டி
ஒருதரம் சடக்கென்றது.
முந்தின நாள் கோபத்தை எங்கேயோ சேர்த்து வைத்திருந்தது.

ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பாதரச வால்வுகளை வெறும் இழைச்சூட்டில்
ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன்.
பிறகு உயரழுத்தம், கொஞ்சம் கொஞ்சமாய்,
பட்டினி கிடந்தவருக்குக் கஞ்சி கொடுப்பதுபோல.
தந்திச்சாவியை அழுத்தினேன்.
வால்வுக்குள் நீலம் துள்ளியது.
அடுப்புச் சுடரின் நீலமில்லை,
நாவற்பழம் தின்ற நாக்கின் நீலம்.
எதிர்வீட்டு கராஜ் கதவு
பாதி எழுந்து இறங்கியது.

ஓசைதான் சரியில்லை.
ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கோடும்
நேராய்த் தொடங்காமல் வழுக்கிக்கொண்டு
கீச், கீச் என்று,
கதவிடுக்கில் வால் மாட்டிய அணில்.
படிகத்துக்குப் போகும் அழுத்தம் தள்ளாடுகிறது.
ஒரு சீராக்கி வால்வு போதும்.
ஒகையோவில் சொல்லி வைத்தேன், பன்னிரண்டு டாலர்.

அது வரும்வரை பொறுக்கவில்லை.
வியாழன் இரவு, நாற்பது மீட்டர்.
யாராவது இருக்கிறீர்களா?
என் அழைப்புக்குறியை முடிக்கக்கூட இல்லை,
நெப்ராஸ்காவிலிருந்து ஒருவர் குறுக்கே விழுந்தார்.
டோய்வோ?
நாலு குளிர்காலம். எங்கே போயிருந்தாய்?

பெட்டி ம்ம் என்று கொண்டிருந்தது.
வலக்கை சாவிமேல். இடக்கை பைக்குள்.
மோர்ஸில் குரலைத் தாழ்த்த முடியாது.
இறந்துவிட்டார் என்பதும்
இங்கே பனி என்பதும்
ஒரே சுருதி, ஒரே கனம்.
இரண்டு முறை பிழையாய் அடித்தேன்.
மூன்றாம் முறை போயிற்று.

வெகுநேரம் இரைச்சல்.
வடதுருவ ஒளி உரசும் இரைச்சலோ, அவரோ.
பிறகு மெதுவாய்,
எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு:
கை அவனுடையதில்லை. கவனித்திருக்க வேண்டும்.
கீச்சு அவனுடையது.
என் பெயர் ஹார்லன்.

தர்மினி என்று அனுப்பினேன்.
திரும்பக் கேட்டார்.
திரும்ப அனுப்பினேன்.

திங்களன்று சீராக்கி வந்தது.
பொருத்தினேன். இழுத்துக் கட்டிய கம்பிபோல் நின்றது ஓசை.
ஆய்வுக்கூடத்தில் வைக்கலாம்.
யாருடையதும் இல்லை.

ஆகவே ஒரு சுவிட்ச்.
மேலே தள்ளினால் சீர், கீழே தள்ளினால் கீச்.
ஏலா கொஸ்கேக்கு அடியில்
என் பென்சிலில், தமிழில்:
தொடலாம். வியாழன் மட்டும்.

எதிர்வீட்டுக்காரருக்கு
வேறு கதவுப்பொறி வாங்கிக் கொடுத்தாயிற்று.
பெட்டியைக்கூட அவர் பிரிக்கவில்லை.
வியாழக்கிழமை கதவு எழுந்து இறங்கும்போது
மணி ஒன்பதாகிவிட்டது என்று
நாயை உள்ளே கூப்பிடுகிறார்.