ஆணித் துளை

வார்டோ தீவில் ஜூன் மாதம்
இரவு என்பது கடிகாரத்தில் மட்டும்.
பதினொன்றரை.
கடற்காகங்கள் பட்டப்பகல் என்று நம்பி
கூரைமேல் சண்டை போடுகின்றன.

குன்வோர் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருக்கிறாள்.
போன வருஷ ஆணி கிழித்த இடத்தில் ஒரு துளை.
அதன் வழியே நாணயமளவு வெயில்
எதிர்ச்சுவரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

குளிர்காலத்தில் ஜெபம் சுலபம்;
பாதி வேலையை இருட்டே செய்துவிடும்.
இந்த மாதத்திலோ
நாள் முடியாமலே நாளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.
தனியாகப் படுக்கத் தொடங்கிய பதினோரு வருஷமாய்
ஒரு ராத்திரியும் தவறவிட்டதில்லை அவள்.
போர்வைக்குள் கை கோத்துத் தொடங்கினாள்:

கர்த்தாவே, ஸ்தோத்திரம்.
விரல் பத்தும் பத்தாகவே வீடு வந்ததற்கு.
(மீன் ஆலையில் அது சின்ன விஷயமில்லை.)
கடைசிப் பெட்டி ஹேடாக்
ஏழு மணிக்கு முன்பே லாரி ஏறியதற்கு.
அடுப்பு இன்னும் ஒரு நாள் எரிந்ததற்கு.
இடது முழங்காலுக்கு…
அதைப் பற்றி நாளைக்குப் பேசலாம்.
காணாமற்போன என் கத்தி கிடைத்ததற்கு…

அங்கே நின்றது ஜெபம்,
தொண்டையில் முள்போல.

கத்தி கிடைத்தது உண்மை.
கிடைத்த இடம் அவளுடைய ரப்பர் காலணி.
அதற்கு ஆறு மணி நேரம் முன்னால்
இருபது பேர் காபி குடிக்கும் மேசையில்
ஆஸ்லாக்கைப் பார்த்துக் கேட்டிருந்தாள்:
"என் கத்தி எங்கே? நீதானே பக்கத்தில் நின்றாய்?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
தன் பையைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தான்.
ஒரு ரொட்டி. ஒற்றைக் கம்பளிக் கையுறை.
மகள் வரைந்த கலைமான் ஒன்று,
நான்காய் மடித்தது.

ஸ்தோத்திரம், என்றாள் மறுபடி.
நாக்கு நகர்ந்தது; நெஞ்சு நகரவில்லை.
வேறு காரியங்களுக்குத் தாவிப் பார்த்தாள்:
மழை பெய்யாததற்கு,
தங்கையின் கடிதத்துக்கு.
ஆண்டவர் அவசரப்படுத்தவில்லை.
வெயில் மட்டும் சுவரில்
ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.
இமையை மூடினால் இமைக்குள்ளே
மடிப்பு விரியும் கலைமான்.

பன்னிரண்டரைக்கு எழுந்தாள்.
இரவு உடையின்மேல் மழைக்கோட்டு,
காலில் அதே காலணி.
தெருவில் யாருமில்லை; அவள் நிழல்தான்
தேவாலயச் சுவர்வரை நீண்டு கிடந்தது.

ஆஸ்லாக் தூங்கவில்லை.
வெயிலை வீணாக்கக் கூடாதென்று
கவிழ்த்த படகின் வயிற்றுக்குச்
சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தான்.

"கத்தி என் காலணிக்குள் இருந்தது.
நாளைக்கு அவர்கள் முன்னாலும் சொல்கிறேன்."

அவன் தூரிகையைத் துடைத்தான்.
துடைத்து முடித்த பிறகும் துடைத்தான்.
"காலணிக்குள்ளா?
குத்தவில்லையா?"

"படுத்த பிறகுதான் குத்தியது."

அவன் சிரிக்கவில்லை.
மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.
இன்னொரு தூரிகையைக் காலால்
அவள் பக்கம் தள்ளினான்.
ஆளுக்கொரு புறமாய்ப் பூசினார்கள்.
படகின் முதுகெலும்பில்
இரண்டு சிவப்பும் சந்தித்த இடம் தெரியாதபடி
அவள்தான் கடைசியாய் ஒரு இழுப்பு இழுத்தாள்.

இரண்டு மணிக்கு வீடு.
நகக்கண்ணில் சாயம், சோப்புக்குப் போகவில்லை.
சுவரிலிருந்த வெயில்
தலையணைக்கு இறங்கியிருந்தது.
எழுந்து துளையை அடைத்திருக்கலாம்.
அடைக்கவில்லை.
அந்தச் சின்னச் சூட்டின்மேல் கன்னம் வைத்து
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்:

கத்தி கிடைத்ததற்கு.
அது குத்தியதற்கு.
அந்த ஒற்றைக் கையுறைக்கு,
அதன் ஜோடி எங்கிருக்கிறதோ அங்கே…

அதற்குமேல் என்ன கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.
ஆறு மணிக்கு அலாரம் அடித்தபோது
கைகள் கோத்தபடியே இருந்தன.
கூரைமேல் கடற்காகங்கள்
இன்னும் அதே சண்டையில்.